கப்பலேறிப் போன ‘கூலி’

தமிழ்நாட்டில் ‘கூலி’ என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தையல் கூலி, ஏற்றுக்கூலி, நாள் கூலி என்று தினமும் புழங்குகிற சொல். 2025இல் வந்த ரஜினி படத்துக்கே அதுதான் பெயர். இதையே டர்பனில் வாழும் ஒரு தமிழரைக் குறித்துச் சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் அது இந்திய வம்சாவளியினர் மீது வீசப்படும் இனவசை. “அட, நம்ம சொல்தானே, சம்பளம்னுதானே அர்த்தம்?” என்று நம்மவர்கள் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அகராதியைப் புரட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தமிழ்தானா என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வமில்லை. சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, போன இடத்தில் அதற்கு என்ன ஆச்சு என்பதுதான் விஷயம்.

தமிழில் கூலி என்பது வாங்குகிற காசு. 619ஆம் குறளில்கூட அது முயற்சிக்குக் கிடைக்கும் பலன்தான். ஆங்கிலத்தில் அது ஆளாகிவிட்டது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீஷியசுக்கும், 1838இல் கயானாவுக்கும் இந்தியர்களை ஒப்பந்தத்தில் ஏற்றிப் போனார்கள். மதராஸிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. ஒப்பந்தம் முடிந்து காய்கறித் தோட்டம் போட்டவரும் அங்கே கூலிதான், அவர் பிள்ளையும் கூலிதான். டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை கிடையாது என்று ஒதுக்கிவைத்த ஆசியர்களின் பட்டியலில் ‘கூலிகள்’ என்றே எழுதியது. வேலையின் பெயர் இனத்தின் பெயரானது இப்படித்தான்.

1893இல் அங்கே போன காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். அவர் சுயசரிதையில் இன்னொரு சொல்லும் வருகிறது: ‘சாமி’. முனுசாமி, கோவிந்தசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதால் வெள்ளையர்கள் இந்தியர்களையே மொத்தமாக ‘சாமி’ என்றார்கள். நமக்குக் கும்பிடுகிற சொல், அங்கே ஏளனம். சொல்லுக்குள் என்ன பொருள் இருந்தாலும் யார், யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதுதான் அந்த ஊரில் தங்கிவிட்டது.

வசையை எடுத்துத் தன் பெயராக்கிக்கொண்டவர்களும் உண்டு. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி ‘கூலிட்யூட்’ என்ற கருத்தாக்கத்தையே உருவாக்கினார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், ஒப்பந்தப் பெண்களைப் பற்றிய தன் புத்தகத்துக்குக் ‘கூலி வுமன்’ என்று பெயர் வைத்தார். கப்பலில் போனது அவருடைய கொள்ளுப்பாட்டி. அந்த உரிமை சென்னையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தானாக வந்துவிடாது.

உள்ளூரிலும் இந்தச் சொல் அப்படியொன்றும் பச்சைக் குழந்தை இல்லை. ஆபீஸில் இருப்பவருக்கு சம்பளம், சித்தாளுக்குக் கூலி. ‘கூலிக்கு மாரடிக்கிறான்’ என்றால் அதில் மரியாதை எங்கே இருக்கிறது? ரயில்வேகூட 2016 பட்ஜெட்டில் சுமை தூக்குபவர்களை இனி ‘சஹாயக்’ என்று அழைப்போம் என்று அறிவித்தது.

நான் தமிழில் நாள் கூலி, கூலி உயர்வு என்று எழுதுவதை நிறுத்தவில்லை, அது காசு. ஆளைச் சொல்லும்போது ‘ஒப்பந்தத் தொழிலாளர்’. பழைய ஆவணத்தில் ‘கூலி’ என்று இருந்தால் மேற்கோள் குறிக்குள் அப்படியே விடுகிறேன். மாற்றினால் எழுதியவன் தப்பித்துவிடுவான். ‘ஒப்பந்தம்’ என்பது கைரேகை வைத்து ஏமாந்ததையும் சவுக்கடியையும் மூடி மறைக்கிற பூச்சு என்று ஒரு நண்பர் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்கு இன்னும் சிக்கவில்லை.