கணிப்பொறிக்கு உணவும் மூச்சும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)



கணிப்பொறி என்றதும் நாம் அதன் வேகத்தையும் நினைவாற்றலையும் பற்றியே பேசுகிறோம். ஆனால் மனிதன் எத்துணை அறிவாளியாய் இருப்பினும் உணவும் மூச்சும் இன்றி வாழ இயலுமா? கணிப்பொறியும் அவ்வாறே. அதற்கு உணவு ஊட்டுவது மின்வழங்கி. அதன் மூளையாகிய செயலியின் வெப்பத்தை நீக்கி, மூச்சு விடச் செய்வது குளிர்விப்பான். கடைகளில் முன்னதை எஸ்.எம்.பி.எஸ். என்றும், பின்னதைக் கூலர் என்றும் அழைப்பர். பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணிப்பொறி அமைப்பவர்கள், இவ்விரண்டையும் சிறு பொருள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மற்றப் பாகங்கள் அனைத்தின் ஆயுளும் இவற்றின் கையில்தான் இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் என் மாமாவின் மேற்பார்வையில் நானும் அக்காவும் ஒரு கணிப்பொறியை அமைத்தோம். அக்காவின் கல்லூரிப் படிப்புக்காக அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த பாகங்கள் அவை. அவற்றுள் செயலி, ஏ.எம்.டி. நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ரைசன் 5 5600ஜி ஆகும். அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

மின்வழங்கி செய்யும் வேலை

நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் நேர்த்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதே மின்வழங்கியின் பணி. 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவு முறையை வகுத்தது. அதனால்தான் இம்முறையில் செய்யப்பட்ட மின்வழங்கியை எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும், அம்முறைப்படி அமைந்த பெட்டியில் அதன் திருகாணித் துளைகள் சரியாகப் பொருந்துகின்றன.

வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்த்தால் போதாது. 80 பிளஸ் என்னும் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2004ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தின் அடிப்படை முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயன்படும் வடிவில் தரவேண்டும் என்கிறது. 300 வாட் தருவதற்கு 375 வாட் வாங்கினால், மீதி 75 வாட் வீணே வெப்பமாகிறது. தரம் குறைந்தால் இந்த வீண் இன்னும் பெருகும்.

இனி ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். எங்கள் செயலியின் குறியீட்டுத் திறன் 65 வாட். அது ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் இயங்குவதாகக் கொள்வோம். 65ஐ 1.2ஆல் வகுத்தால் 54 ஆம்பியர்! 1000 வாட் இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்வதே 4.3 ஆம்பியர்தான். இவ்வளவு பெரிய மின்னோட்டத்தை நீண்ட கம்பியில் அனுப்பினால் கம்பி சூடேறிவிடும். ஆகவே மின்வழங்கி 12 வோல்ட்டாக அனுப்ப, தாய்ப்பலகை செயலியின் அருகிலேயே அதைக் குறைத்துக் கொடுக்கிறது. செயலிக்கென்று தனியாக ஒரு செருகி இருப்பதன் காரணம் இதுவே.

குளிர்விப்பான் ஏன் வேண்டும்?

செயலி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகிவிடுகிறது. எரிந்துகொண்டிருக்கும் 60 வாட் குண்டு பல்பை விரலால் தொட முடியுமா? அதே அளவு வெப்பம் கட்டைவிரல் நகம் போன்ற ஒரு சில்லில் பிறக்கிறது. அதை அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி காற்றில் கலந்துவிடுகிறது.

ஆனால் செயலியின் மேற்பரப்பும் குளிர்விப்பானின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றின் இடையே காற்று தங்கும். காற்றோ அலுமினியத்தைவிட ஏறத்தாழ 9,000 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அந்த இடைவெளிகளை நிரப்புவதற்கே தெர்மல் பேஸ்ட் என்னும் பசை பயன்படுகிறது. பசை உலோகத்துக்கு ஈடாகாது. ஆகையால் அதிகம் தடவினால் நன்மை இல்லை. ஒரு பட்டாணி அளவே போதும். புதிய குளிர்விப்பானின் அடியில் பசை முன்பே தடவப்பட்டிருந்தால் வேறு பசை வேண்டாம். அதை விரலால் தொடவும் கூடாது. சிலவற்றில் அடிப்பரப்பின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை மறவாமல் உரித்துவிட வேண்டும்.

பொருத்தும் முறை

நைலான், பட்டுத் துணிகளால் உடலில் நிலைமின்சாரம் சேரும். ஆதலால் பருத்தி உடை அணிந்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

முதலில் தாய்ப்பலகையை மேசைமேல் வைத்துக் குளிர்விப்பானைப் பொருத்தலாம். எங்கள் செயலியுடன் வந்த குளிர்விப்பானுக்கு நான்கு வில்சுருள் திருகாணிகள் உண்டு. தாய்ப்பலகையில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றிய பிறகே இவற்றை முடுக்க முடியும். கழற்றும்போது பலகையின் அடியில் உள்ள தகடு கீழே விழுந்துவிடும். ஆகவே ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு குளிர்விப்பானை நேராக இறக்கி, திருகாணிகளை மூலைக்கு மூலையாக, ஒவ்வொன்றையும் சில சுற்றுகள் வீதம் மாறி மாறி முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கடைசியாக, விசிறியின் கம்பியை சி.பி.யு. ஃபேன் என்று குறிக்கப்பட்ட நான்கு ஊசி முனையில் செருக வேண்டும்.

அடுத்து மின்வழங்கி. பெட்டியின் அடித்தளத்தில் சல்லடைத் துளைகள் இருந்தால், மின்வழங்கியின் விசிறி கீழ்நோக்கி இருக்கலாம். துளைகள் இல்லாவிட்டால் மேல்நோக்கி இருக்க வேண்டும். பின்புறம் நான்கு திருகாணிகளால் அதை முடுக்கிய பின், தாய்ப்பலகையைப் பெட்டியில் அமர்த்தி 24 முனைச் செருகியையும் செயலிக்கான 8 முனைச் செருகியையும் இணைக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் விசிறி சுழலும். ஆனால் திரையில் ஒன்றும் தோன்றாது. எந்தச் செருகியையும் வலிந்து திணிக்கலாகாது. கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள மின்வழங்கியானால், அதனுடன் வந்த கம்பிகளையே பயன்படுத்த வேண்டும். வேறொன்றின் கம்பி பொருந்துவதுபோல் தோன்றினாலும், உள் இணைப்புகள் மாறியிருந்து பாகங்களை எரித்துவிடலாம்.

பழைய மின்வழங்கிகள் சிலவற்றின் பின்னால் 115, 230 என்று ஒரு சிறு சிவப்புப் பொத்தான் உண்டு. நம் நாட்டில் அது 230இல் இருந்தே ஆக வேண்டும்.

உயிருக்குக் காவல்

தோழியரே, எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். மின்வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் சேர்ந்திருக்கும். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருந்து உயிரையே பறிக்கக்கூடும். செலவு ஆனாலும் புதியது வாங்குவதே அறிவுடைமை.

அதுபோலவே, சுவரில் மூன்று துளை உள்ள, நிலத்தொடுப்பு நன்கு அமைந்த இணைப்பு வேண்டும. மூன்று முனைச் செருகியில் மேல்முனை மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மின்சாரம் வருமுன் பாதுகாப்பு வரவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்துள்ளனர். அதை வெட்டிவிட்டு இரண்டு முனையில் இயக்குவது பேதைமை.

இயக்கிப் பார்த்தல்

முதன்முறை இயக்கும்போது பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலையும் விசிறியின் சுழற்சியும் தெரியும். விசிறி சுழலாவிட்டாலோ, வெப்பநிலை நிற்காமல் ஏறினாலோ உடனே நிறுத்தி, குளிர்விப்பான் சரியாக அமர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். எங்கள் செயலியின் எல்லை 95 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்விப்பான் செயலியை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நம் ஊரின் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியாக இருக்கும்போது அதன் சுமை எவ்வளவு கூடும்! ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், படிந்த தூசியை அவ்வப்போது நீக்கி வரவேண்டும்.

“பெண்பிள்ளைக்குத் திருப்புளி எதற்கு?” என்று கேட்போர் இன்றும் உள்ளனர். இந்த வேலைக்கு வேண்டியது உடல் வலிமை அன்று. பொறுமையும், படித்ததைப் பொருத்திப் பார்க்கும் அறிவுமே. மின்னியல் பாடத்தில் நாம் எழுதிப் பார்த்த வோல்ட்டும் ஆம்பியரும் வாட்டும் இங்கே நம் விரல் நுனியில் வேலை செய்கின்றன. பெற்றோர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருளைக் காப்பதற்கு அந்த அறிவு பயன்படுமாயின், நாம் கற்ற கல்வி வீணாகவில்லை அன்றோ?