சங்கத்துக்கு ஈதல்: கண்டி நாட்டுத் தான மரபு

கண்டி மாநகருக்கு அணித்தாய், மகாவலி கங்கைக்கு அப்பால் உள்ள தெகல்தொருவைக் குகை விகாரையின் சுவரிலே வெஸ்ஸந்தர சாதகம் நீண்ட வரிசையாகத் தீட்டப்பெற்றுள்ளது. மழை தரும் வெள்ளை யானையைப் பிறநாட்டு அந்தணர்க்கு ஈந்து, அதனால் நாடிழந்து காடேகி, ஆங்கு வந்து இரந்தவனுக்குத் தன் மக்கள் இருவரையும், பின்னர் மறையவன் வடிவில் வந்த சக்கனுக்கு மனைவியையும் கொடுத்த அரசகுமாரன் கதை அது. இயற்பகை நாயனார் வரலாற்றை அறிந்த சைவர்க்கு இக்கதை அந்நியமாய்த் தோன்றாது. புத்தநிலை எய்துவோர் நிரப்பவேண்டிய பத்துப் பாரமிதைகளுள் தானமே முதலாவது. அதன் எல்லையைக் காட்டுவது வெஸ்ஸந்தரன் பிறப்பு.

எனினும், இல்லறத்தான் ஒருவனிடம் பௌத்தம் எதிர்பார்ப்பது இத்தகைய அருஞ்செயலன்று. ஒரு வேளைச் சோறே. விநய விதிப்படி பிக்கு நிலத்தை உழார். நாளைக்கென உணவைச் சேமியார். நண்பகலுக்குப் பின் உண்ணார். உடை, உணவு, உறையுள், மருந்து என்னும் நான்கும் பிறர் கொடுக்கவே அவர் பெறுதல் வேண்டும். ஆகவே, கொடுப்பார் இல்லாத ஊரில் துறவும் நிலையாது.

அங்ஙனமாயின், கொடை எவரை நோக்கியது என்னும் வினா எழும். புத்தரை வளர்த்த தாயாகிய மகாபிரசாபதி கோதமி தன் கையால் நெய்த ஆடையை அவருக்கென்றே கொண்டுவந்தபோது, அதனைச் சங்கத்துக்குக் கொடுக்குமாறு அவர் கூறினார் என்று மச்சிம நிகாயம் உரைக்கும். பிற்காலத்தில் ஒழுக்கம் இழந்து, காவியை மட்டும் கழுத்திற் சுற்றியோர் தோன்றுவர். சங்கத்தைக் கருதி அவர்க்குக் கொடுப்பதும் அளவிறந்த பயன் தரும் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. தனிமனிதரின் தகுதியை எடைபோட்டுக் கொடுக்கும் கொடையினும், சங்கம் என்னும் பொதுமையை நோக்கிய கொடை பெரிது என்பதே கருத்து.

இக்கருத்துக் கண்டிச் சிற்றூர்களின் நடைமுறையில் இன்றும் விளங்கக் காணலாம். வீட்டில் தானம் வழங்க விரும்புவோர் விகாராதிபதியிடம் சென்று இத்தனை பிக்குகள் வேண்டுமென்பர். சங்கத்தின் பெயரால் அனுப்பப்படுவோர் முதியராயினும் இளையராயினும் அவர்களையே ஏற்பர். வாயிலில் அவர்தம் பாதங்களை நீரால் கழுவித் துடைத்து, வெள்ளை விரித்த இருக்கையில் அமர்த்துவர். உணவின் முதற்பங்கு புத்தருக்குப் படைக்கப்படும். மூன்று ஆடை, பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி ஆகிய எட்டுப் பொருள்களும் சிறப்பு நாள்களில் வழங்கப்பெறும். ஈற்றில் இறந்தோர்க்குப் புண்ணியம் சேருமாறு, சிறு பாத்திரம் நிரம்பி வழியும்வரை நீர் வார்ப்பர். நம்மவர் தாரைவார்த்தலை நினைவூட்டும் செயல் இது. பெற்றவர் நன்றி கூறுவதில்லை; புண்ணியம் ஈட்ட வாய்ப்புப் பெற்றவர் கொடுத்தவரே அல்லரோ!

இந்நெறியின் கடுமையான சோதனையைக் கண்டி அரசன் ஒருவனின் வரலாற்றிற் காண்கிறோம். 1747ஆம் ஆண்டில் அரியணை ஏறிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் தென்னாட்டு நாயக்கர் வழியினன். அக்காலத்தே இலங்கையில் உபசம்பதை பெற்ற பிக்குகள் அற்றுப்போயினர். ஐவரேனும் இன்றி உபசம்பதை வழங்கல் இயலாது. ஆதலின் வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியாலும் அரசன் ஆதரவாலும், சீயத்திலிருந்து உபாலி தேரரும் பிறரும் ஒல்லாந்தர் துணையுடன் வருவிக்கப்பட்டனர். 1753இல் உபசம்பதை மீண்டும் நிலைபெற்றது. மல்வத்தை, அஸ்கிரியை என்னும் இரு பீடங்களும் இச்சீய நிகாயத்தைச் சேர்ந்தவை.

ஏழாண்டு கழிந்து, 1760இல், அவ்வரசனைக் கொன்று சீய இளவரசன் ஒருவனை அரசனாக்கப் பிரதானிகள் சிலர் சூழ்ச்சி செய்தனர். அதிற் பிக்குகள் சிலரும் தொடர்புற்றிருந்தனர். அரசன் திருநீறு அணிபவன் என்பது அவன்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. சூழ்ச்சி வெளிப்பட்டது. பிரதானிகள் கொல்லப்பட்டனர்; சரணங்கர தேரரும் சிறைப்பட்டு, பின்னர் விடுதலை பெற்று, சங்கராசர் பதவியில் மீண்டும் அமர்ந்தார். அரசனின் கொடை நின்றுவிடவில்லை. தெகல்தொருவை விகாரைத் திருப்பணி தொடங்கியது 1771இல், அதாவது சூழ்ச்சிக்குப் பதினோராண்டு பின்னராகும். அரசியற் தேவையும் இதற்குக் காரணமாகலாம். அந்நியக் குலத்து அரசனுக்குச் சங்கத்தின் ஆதரவு இன்றியமையாதது. ஆயினும், தன்னைக் கொல்லச் சூழ்ந்தோர் இருந்த சங்கத்துக்கே அவன் தொடர்ந்து கொடுத்தான் என்பது உண்மை.

குறையும் கூறவேண்டும். கொடுப்பவன் ஏற்பவரைத் தெரிதல் ஆகாது என்ற சங்கத்தில், உபசம்பதை உயர்குலத்தார்க்கே உரியதென வரையறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டோர் பர்மாவிற் சென்று உபசம்பதை பெற்று வந்து, 1803இல் அமரபுர நிகாயத்தை நிறுவினர்.

மற்றொன்று நிலக்கொடை பற்றியது. 1344இல் எழுந்த இலங்காதிலக விகாரையின் கற்பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் கொடை விவரம் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தகைய நிலக்கொடையைப் பெற்ற விகாரைக்கு, அந்நிலத்துக் குடிகள் தம் ‘பங்கு’ நிலத்துக்கு ஈடாக விகாரை வயலை உழுதல், நெல் சுமத்தல், பறை முழக்கல், பெரஹராவில் ஏவல் செய்தல் முதலியவற்றைத் தலைமுறைதோறும் செய்துவந்தனர். கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என மூன்று காலத்தும் மனம் நன்றாயிருத்தல் தானத்தின் இலக்கணம் என்பர். நிலம் கொடுத்த அரசனுக்கு அது பொருந்தும். நிலத்தோடு கொடுக்கப்பட்ட உழவனுக்குப் பொருந்துமோ? பெரஹராவிற் பறை முழக்கும் உரிமையைப் பெருமையெனப் போற்றிய குடிகளும் இருந்தனர். எனினும், விரும்பாதவன் ஊழியத்திலிருந்து விலக வேண்டின் தன் நிலத்தையே விடவேண்டியிருந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோதும் விகாரை நிலங்களின் ஊழியம் ஒழியவில்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டமே ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்த இடமளித்தது.

நிலமில்லாச் சிறு விகாரைகளுக்கு இச்சிக்கல் இல்லை. ஊரார் நாளை வகுத்து முறைவைத்து உணவு கொண்டு செல்வர். ஒருநாள் முழுதையும் தாங்க இயலாத குடியினர் இருவர் மூவராய்ச் சேர்ந்து அந்நாளை ஏற்பர்.