எரிவாயுத் தொட்டிக்குள் வாடகை வீடு

வியன்னா நகரின் சிம்மெரிங் பகுதியில், செங்கல்லால் கட்டிய நான்கு உருளைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் உயரம், 60 மீட்டர் விட்டம். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைச் சேமித்துவைத்து, தெருவிளக்குகளுக்கு அனுப்புவதற்காக 1896-ல் தொடங்கி 1899-ல் கட்டி முடித்தார்கள். அதுவரை எரிவாயு பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. மேயர் கார்ல் லூகரின் காலத்தில் நகராட்சியே சொந்தமாக ஆலை போட்டுக்கொண்டது. ஆக, முதல் செங்கல்லிலிருந்தே இது ஊர்ச் சொத்து. இந்தக் கதையில் முக்கியமே அதுதான்.

இயற்கை எரிவாயு வந்தது, தொட்டிகளுக்கு வேலை போனது. 1984-ல் மூடினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் இடிக்க வழியில்லை. ஜேம்ஸ் பாண்ட் படப்பிடிப்பு, இரவு நடன விருந்துகள் என்று சில வருடங்கள் ஓடின. 1999-ல் நான்கையும் வீடுகளாக்கும் வேலை தொடங்கி, 2001-ல் மக்கள் குடியேறினார்கள்.

பெரிய சிக்கல் வெளிச்சம். வாயுவுக்கு ஜன்னல் தேவையில்லை, குடும்பத்துக்குத் தேவை. பழைய சுவரையோ இஷ்டத்துக்கு உடைக்கக் கூடாது. முதல் தொட்டியை எடுத்துக்கொண்ட கட்டடக் கலைஞர் ழான் நூவெல், உள்வட்டத்தை ஆரஞ்சுச் சுளைகள்போலப் பிரித்து, இடைவெளிகளின் வழியே ஒளியை இறக்கினார். உலோகப் பரப்புகள் அதை வாங்கி எதிரே உள்ள வீட்டுக்குள் திருப்பி அனுப்புகின்றன. கூப் ஹிம்மெல்பிளாவ் குழு, தன் தொட்டியை ஒட்டி வெளியே கேடயம் போன்ற புதுக் கட்டடத்தையே எழுப்பியது. வில்ஹெல்ம் ஹோல்ஸ்பவர் வீடுகளை நடுவில் மூன்று கைகளாக நீட்டி, சுவருக்கும் வீட்டுக்கும் இடையில் முற்றங்கள் விட்டார்.

இவ்வளவு நுணுக்கத்துக்குச் செலவு அதிகம். பழைய கட்டடம் என்றால் மலிவு என்பது தப்புக் கணக்கு. சந்தையிடம் விட்டிருந்தால் பணக்காரர்களின் குடியிருப்பாகத்தான் முடிந்திருக்கும். இங்கே நகராட்சி மானியம் கொடுத்தது. கட்டியவர்களில் லாபத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உள்ள வீட்டுவசதிச் சங்கங்களும் இருந்தன. அப்படிப்பட்ட சங்கங்களில் வாடகை சந்தை விலையைப் பார்த்து ஏறுவதில்லை, கட்டிய செலவையும் பராமரிப்பையும் வைத்தே முடிவாகிறது. 600-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒரு மாணவர் விடுதி. 2000-லேயே சுரங்க ரயிலும் வாசலுக்கு வந்துவிட்டது. கீழ்த்தள வணிக வளாகம் மட்டும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. காலியான இடங்களில் பிறகு இசைக்கருவிக் கடையும் இசைப் பள்ளியும் வந்தன.

இதைப் பார்த்துவிட்டு மும்பையை நினைத்தால் மனசு ஆறவில்லை. அங்கே ஓய்ந்துபோன துணி மில்களின் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு பொது இடத்துக்கு, ஒரு பங்கு எளியோர் வீடுகளுக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றுதான் 1991 விதி சொன்னது. 2001 திருத்தம் அந்தப் பங்கீட்டைக் காலி நிலத்தோடு சுருக்கியது. மில் கட்டடம் நிற்கும் இடம் கணக்கிலேயே வராது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பீனிக்ஸ் மில் இன்று ஷாப்பிங் மால். வீடு கேட்டு விண்ணப்பித்த மில் தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். குலுக்கலில் வீடு கிடைத்தவர்கள் அதில் சிறு பகுதி. 1982 மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள், இன்னும் வரிசையில்தான் இருக்கிறார்கள்.