சில்லறை கைமாறும் நாடு

மணிலாவில் புதிதாகக் குடியேறியவர் பக்கத்துக் கடையில் "முட்டை இருக்கா?" என்று கேட்டால் வாயால் பதில் வராது. கடைக்காரரின் புருவம் ஒருமுறை ஏறி இறங்கும். இருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று கேட்டால் கை நீளாது. உதடு குவிந்து மூலையிலுள்ள தட்டைக் காட்டும். ஓட்டலில் காற்றில் விரலால் ஒரு கட்டம் வரைந்தால் பில் வந்துவிடும்.

இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிலிப்பைன்ஸ்காரர்கள் காசு புழங்கும் விதம் பிடிபடத்தான் நாளாகும்.

ஜீப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வண்ணம் பூசி உருவாக்கிய வண்டி. பின்பக்கம் ஏறி, எதிரெதிரே போட்ட நீள பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. கடைசியில் இருப்பவர் "பாயட் போ" (கட்டணம் ஐயா) என்று குரல் கொடுத்துக் காசை நீட்டுவார். அது ஆறேழு பேர் கைமாறி டிரைவரிடம் போகும். மீதி அதே வழியில் திரும்பி வரும். யார் எங்கே ஏறினார், எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் டிரைவரின் மனக்கணக்கு. நடுவில் இருப்பவர் எவரும் ஒரு பெசோவைக்கூட அமுக்குவதில்லை.

தெருவுக்குத் தெரு 'சாரி-சாரி' என்னும் பெட்டிக்கடைகள். கம்பிவலைக்குப் பின்னால் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். ஒரே ஒரு சிகரெட் வாங்கலாம், ஒரு மாத்திரை வாங்கலாம், ஒருவேளைச் சமையலுக்கு மட்டும் எண்ணெய் வாங்கலாம். கூல்டிரிங்க்ஸை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா செருகிக் கொடுப்பார்கள். காலி பாட்டில் கடையைவிட்டுப் போகக்கூடாது. சிறிது சிறிதாக வாங்கினால் மொத்தத்தில் செலவு கூடும் என்பது வாங்குபவருக்கும் தெரியும். ஆனால் தினக்கூலிக்காரர் கையில் அன்றைய காசுதான் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கடன் நோட்டும் கிடையாது. "இன்று கடன் இல்லை, நாளை உண்டு" என்று நம்மூர் போலவே பலகை மாட்டியிருக்கும் கடையிலும், பலகைக்குக் கீழே அந்த நோட்டு இருக்கும்.

நோட்டு தாங்காத கடனுக்கு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். பெரும்பாலும் பஞ்சாபி. ஐந்து கொடுத்து ஆறு வாங்குவதால் இந்தக் கந்துவட்டிக்கு 'ஃபைவ்-சிக்ஸ்' என்று பெயர். அடமானம் கேட்பதில்லை, வீடு தேடி வந்து வசூல் செய்வார். இந்தியர் யாராக இருந்தாலும் அங்கே 'பும்பாய்'தான். அடம்பிடிக்கும் குழந்தையை "பும்பாய் பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டுவதும் உண்டு. அந்த ஊர்ப் பூச்சாண்டி நாம்தான்!

சாவு வீட்டில் சீட்டாட்டம் நடப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் வெளிநாட்டவர் பலர். உடலைப் பல நாள், சில வீடுகளில் ஒரு வாரம்கூட வைத்திருப்பார்கள். இரவு முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கச் சீட்டு, பந்தயப் பணத்தில் ஒரு பங்கு அடக்கச் செலவுக்கு. சீட்டாட்டமே அங்கே ஒருவகை மொய்.

செப்டம்பர் பிறந்ததுமே ஷாப்பிங் மால்களில் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்கத் தொடங்கும். ஹோசே மாரி சான் 1990-இல் பாடிய பாட்டுக்கு அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. நாலு மாதப் பண்டிகையா என்று புதியவர் சிரிப்பார். துபாயிலும் கலிபோர்னியாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அது சிரிப்பில்லை. அவர்கள் கப்பலில் அனுப்பும் பரிசுப் பெட்டி டிசம்பருக்குள் வீடு சேர வேண்டுமானால், கட்டும் வேலையை இப்போதே தொடங்கியாக வேண்டும். 'பாலிக்பாயன்' பெட்டி என்று சொல்லும் அந்த அட்டைப் பெட்டிக்கு எடை பார்ப்பதில்லை, அளவுக்குத்தான் கட்டணம். அதனால் சாக்லேட், டின் இறைச்சி, சோப்பு, துண்டு என்று இண்டு இடுக்கு விடாமல் திணிப்பார்கள்.

மணிலாவிலேயே கிடைக்கும் சோப்பையும் ஷாம்புவையும் எதற்குக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக் காலம் தள்ளும் வீட்டுக்கு முழு பாட்டில் அனுப்பத்தானே பிள்ளை வெளிநாடு போயிருக்கிறான்!