கட்-ஆஃப் 167... சாய்ஸ் லிஸ்ட்டில் எதை முதலில் போடுவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே பல வீடுகளில் போன் ஓயாது. "சீட் கம்மியாதான் இருக்கு, இப்பவே அட்வான்ஸ் கட்டிட்டா ஃபீஸ்ல குறைச்சுக்கலாம்" என்பார்கள். பதறிப்போய் பணத்தையும் கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டு வரும் பெற்றோர் உண்டு. அதே மார்க்குக்கு பொறியியல் கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்று பார்த்த பிறகு இதைச் செய்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் போடப்படுகிறது. கணிதத்தில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 எடுத்திருந்தால் 88 + 38 + 41 = 167. கம்ப்யூட்டர் சயின்ஸ், பயாலஜி மார்க் இந்தக் கணக்கில் வராது.

இந்த 167-ஐ வைத்துக்கொண்டு முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த மார்க்கில் முடிந்தது என்று பாருங்கள். உங்கள் சமூகப் பிரிவுக்கான கட்-ஆஃபையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவு எண்ணை மட்டும் பார்த்து 'நமக்குக் கிடைக்காது' என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் அதிகம்.

வரிசைதான் எல்லாமே

சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆன்லைன் கலந்தாய்வு ரேங்க் வரிசையில் நடக்கும். உங்கள் முறை வரும்போது, நீங்கள் கொடுத்த பட்டியலை சிஸ்டம் மேலிருந்து கீழே பார்க்கும். எதில் முதலில் இடம் காலியாக இருக்கிறதோ, அதை ஒதுக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன போட்டிருந்தாலும் பார்க்காது.

"கிடைக்காத காலேஜை மேல போட்டா இருக்குற சான்ஸும் போயிடும்" என்பது வெறும் பயம். இடம் இல்லையென்றால் சிஸ்டம் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து இதற்கு நேர் எதிரானது. 'சேஃப்' என்று நினைத்து பக்கத்து ஊர் கல்லூரியை முதலில் போட்டால், அதுவே ஒதுக்கப்பட்டுவிடும். ஆசைப்பட்டது ஐந்தாவது இடத்தில் காலியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் தரலாம் என்பதால், 10, 15-உடன் நிறுத்தவும் வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், 'ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்' என்றொரு வாய்ப்பு இருக்கும். இதில் 'மேலே' என்றால் ஊரார் சொல்லும் பெரிய கல்லூரி அல்ல. உங்கள் பட்டியலில் மேலே இருப்பது. அங்கே இடம் வந்துவிட்டால் பழைய சீட் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டாலும் சீட் கைநழுவும்.

விளம்பரத்தில் வராத எண்கள்

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பேனரில் இருக்கும் '40 லட்சம் சம்பளம்' என்பதைவிட அது பயனுள்ளது. அந்த 40 லட்சம் ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். நீங்கள் சேரப்போகும் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். என்பிஏ அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. கல்லூரிக்கு 'நாக்' கிரேடு இருக்கிறது என்பதால் உங்கள் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறது என்று அர்த்தமில்லை. முடிந்தால் ஒரு வேலைநாளில் போய், கேன்டீனில் இறுதியாண்டு அண்ணன், அக்காக்களிடம் பேசிவிட்டு வாருங்கள். அட்மிஷன் டெஸ்க்கில் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

பணமும் இதில் இருக்கிறது. முதல் தலைமுறை பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. இவர்கள் போனில் வரும் ஆஃபரை நம்பி முன்பணம் கட்டினால் நஷ்டம் பெரிது. நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டமும் 1992 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டைக் கொடுத்து 'நீங்களே போட்டுடுங்கண்ணா' என்று விட்டுவிடாதீர்கள். மாவட்டங்களில் உள்ள பொறியியல் சேர்க்கை உதவி மையங்களில் உதவி கேட்கலாம். லாக் செய்வதற்கு முன் பட்டியலை பிரின்ட் எடுத்து, கல்லூரிக் குறியீட்டு எண்ணை வரிவரியாகச் சரிபாருங்கள். ஒரே மாதிரி பெயருள்ள கல்லூரிகள் இங்கே ஏராளம்.