கயிற்றுக்கு அப்பால் யார் பொறுப்பு?

வெள்ளை மலைகள் – 9

பனிச்சறுக்கில் ஓரளவு தேறியவர்களுக்கு ஒரு ஆசை வரும். இயந்திரம் உருட்டிச் சமன்செய்த பாதையின் ஓரத்தில், எல்லைக் கயிற்றுக்கு அப்பால், யார் தடமும் படாத பனி கிடக்கும். அங்கே இறங்கிவிட வேண்டும். இப்படிப் பாதைக்கு வெளியே சறுக்குவதைத்தான் ஆஃப்-பிஸ்ட் என்கிறார்கள். ஆசை வந்ததும் எல்லோரும் விசாரிப்பது ஒன்றைத்தான்: எந்த மலையில் பனி அதிகம்? என்னைக் கேட்டால், அது இரண்டாவது கேள்வி. பழகப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இன்றைக்கு இந்தச் சரிவில் இறங்கலாம்’ என்று முடிவு செய்வது அந்த மலையில் யார் பொறுப்பு என்பதைத்தான்.

கால் முதலில் கற்க வேண்டியது

பாதையில் பழகிய கால் பாதைக்கு வெளியே ஏமாந்துபோகும். இறுகிய பனியில் திரும்பும்போது வெளிப்பக்க ஸ்கீயின் மேல் எடையைப் போடச் சொல்லித் தந்திருப்பார்கள். முழங்கால் அளவு மென்பனியில் அப்படிச் செய்தால் அந்த ஸ்கீ மட்டும் புதையும், ஆள் குப்புற விழுவார். இரண்டு காலையும் ஒட்டிவைத்து, எடையைச் சமமாகப் பங்கிட வேண்டும். வேகத்துக்குப் பயந்து பின்னால் சாய்ந்தாலும் ஆட்டம் முடிந்தது.

ஸ்னோபோர்டுக்காரருக்கு இங்கே கொஞ்சம் சலுகை உண்டு. அகலமான ஒற்றைப் பலகை மென்பனியில் மிதக்கும். பின்காலில் சற்றே அழுத்தி முனையைத் தூக்கி வைத்தால் போதும். ஆனால் சமதளம் வந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். ஸ்கீக்காரர் கைக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இவரோ பலகையைக் கழற்றிக்கொண்டு இடுப்பளவு பனியில் நடக்க வேண்டும். ஆகவே ஸ்னோபோர்டுக்காரர்கள் ஊர் தேடும்போது, சரிவுகளுக்கு நடுவே நீண்ட சமதளம் இருக்கிறதா, நின்றபடியே இழுத்துப்போகும் பழைய வகை லிஃப்டுகள் எத்தனை என்று வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் கைவர, ஒரே சின்னச் சரிவில் திரும்பத் திரும்ப இறங்க வேண்டும். விழுந்து எழுந்து கீழே வந்ததும் லிஃப்ட் மறுபடி மேலே கொண்டுபோய் விட வேண்டும். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து நாளுக்கு ஒருமுறை இறங்குவது சாகசம் ஆகலாம், பயிற்சி ஆகாது.

மலைக்கு மலை வேறு சட்டம்

ஆல்ப்ஸ் மலையில் சட்டம் எளிது. பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று வகைப்படுத்திய பாதைகளுக்கு ரிசார்ட் பொறுப்பு. ஓரக் கம்பைத் தாண்டிச் சில மீட்டர் போனாலும் அது உங்கள் பாடு. தினமும் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அறிக்கை வெளியிடுவார்கள். படித்துப் புரிந்துகொள்வது உங்கள் வேலை. ஷமோனியில் 3,842 மீட்டர் உயர எகுயி து மிதியிலிருந்து இறங்கும் வாலே பிளான்ஷ் சுமார் 20 கிலோமீட்டர் நீளம். பெரும்பாலும் பனியாற்றின் மேல் போகிற வழி, அடியில் ஆளை விழுங்கும் வெடிப்புகள். லா கிராவ் இன்னும் ஒரு படி மேலே: கேபிள் கார் 3,200 மீட்டருக்கு ஏற்றி விடும், சமன்செய்த பாதை என்று அங்கே அநேகமாக எதுவுமே கிடையாது. இரண்டும் புகழ்பெற்ற இடங்கள். இரண்டும் பழகுகிறவருக்கு ஆகாதவை.

வட அமெரிக்காவில் வேறு கணக்கு. ரிசார்ட்டைச் சுற்றி ஓர் எல்லை வரைந்திருப்பார்கள். எல்லைக்குள் இயந்திரம் தொடாத சரிவுகளும் அடக்கம். ரோந்துக் குழுவினர் விடியற்காலையில் வெடிவைத்து, ஆபத்தான பனியைத் தாங்களே சரித்துவிட்ட பிறகுதான் திறப்பார்கள். கனடாவின் விஸ்லர் பிளாக்கோம்பில் இப்படிப்பட்ட சரிவுகள் ஏராளம். ஆபத்து அடியோடு நீங்கிவிடாது. ஆனாலும் உங்களுக்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்திருக்கிறார் என்ற உறுதி உண்டு.

ஜப்பானின் நிசெகோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, ஹொக்கைடோ மலைகளில் உலர்ந்த பனியாகக் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் 10 மீட்டருக்கும் மேல். மலையுச்சியோ 1,308 மீட்டர்தான், மூச்சுத் திணறாது. எல்லையைத் தாண்ட வேண்டுமானால் குறிப்பிட்ட வாயில்கள் வழியாக மட்டுமே போகலாம். அவற்றைத் திறப்பதா மூடுவதா என்று அன்றைய நிலவரத்தைப் பார்த்து ரோந்துக் குழு முடிவு செய்யும். கயிற்றுக்கு அடியில் நுழைந்து பிடிபட்டால் லிஃப்ட் பாஸ் பறிபோகும். ஆனால் பழகுகிறவர் வாயிலுக்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. ஹனாஸோனோ பக்கத்து ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ போல, அதிகச் செங்குத்தில்லாத மரச்சரிவுகள் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

நம் குல்மார்க்

காஷ்மீர் இருக்கும்போது ஜப்பான் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா எனும் கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி என்ற இடத்துக்குக் கொண்டுபோகும். 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோளில், கிட்டத்தட்ட 4,000 மீட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து இறங்கும் திறந்த சரிவுகளைத் தேடி உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

சிக்கல், நடுப்படிகள் இல்லாததுதான். அடிவாரப் புல்வெளியில் குழந்தைகூடப் பழகலாம். மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கே இருக்கிறது. அதற்கு அடுத்து, அகலமான, மிதமான, ரோந்துக்கு உட்பட்ட சரிவுகள் வரிசையாக இருக்க வேண்டும். அவை குறைவு. புல்வெளியில் தேறியவர் நேரே இரண்டாம் கட்டத்துக்குப் போவது, கிணற்றில் நீச்சல் பழகியவர் கடலில் குதிப்பதற்குச் சமம். கோண்டோலாவை ஒட்டிய சரிவுகளை ரோந்துக் குழு கவனிக்கிறது. அதைத் தாண்டிய பள்ளத்தாக்குகளில் பனிச்சரிவைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ஒரு ரஷ்யர்.

கடல்மட்டத்து ஊரிலிருந்து வருகிறவருக்கு உயரமும் ஒரு தொல்லை. இரண்டு நாளாவது கீழே தங்கிவிட்டு ஏறுவது நல்லது. பனியும் சொன்ன சொல் காப்பதில்லை. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரான சில்லாய் கலான்தான் பனிக்குப் பேர்போனது. 2024-இல் அந்த நாட்களின் பெரும்பகுதி குல்மார்க் வறண்டு கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். போகிறவர்கள் பிப்ரவரியைக் குறிவைத்து, தேதியை மாற்ற வழியுள்ள டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

முப்பது டிகிரி

எந்த மலைக்குப் போனாலும் ஓர் எண்ணை மனத்தில் வையுங்கள். ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. அதனால் பழகும் காலம் முழுக்க 30 டிகிரிக்குக் கீழேயே இருங்கள். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு தொங்காத இடமாகவும் பாருங்கள். எல்லையைத் தாண்டும் நாள் வந்தால் மூன்று பொருள் கட்டாயம்: புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. இவை உங்களிடம் இருப்பதைவிடக் கூட வருகிறவரிடம் இருப்பது முக்கியம். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடும். மீட்புப் படை வரும்வரை அது காத்திருக்காது. தோண்டி எடுக்க வேண்டியது நண்பர்தான்.

என் தீர்ப்பு இதுதான். குல்மார்க்கின் புல்வெளியில் காசு அதிகம் போகாமல் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். பாதைக்கு வெளியே முதல் பாடத்தை, பணம் சேர்ந்தபின், நிசெகோவிலோ விஸ்லரிலோ எல்லைக்குள்ளேயே ஒரு பயிற்சியாளரோடு படியுங்கள். அதன் பிறகு அஃபர்வத்துக்கு வாருங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு. அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

(தொடரும்)