தராசு இல்லாமல் புரதப்பொடி அளத்தல்

பட்டாணி, சோயா, பயறு போன்ற தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் புரதப்பொடியை எடைத்தராசு இல்லாதபோது கரண்டி, தம்ளர், உழக்கு முதலிய கொள்ளளவுப் பாத்திரங்களால் அளந்து, அதன் எடையைக் கணிப்பது இக்கட்டுரையின் பொருள். பொடி டப்பாவில் ஒரு வேளைக்கான அளவு பெரும்பாலும் 30 கிராம் போல எடையில்தான் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலோ விடுதி அறையிலோ இருப்பது கரண்டி. கொள்ளளவை எடையாக மாற்றுவதில்தான் சிக்கல் எழுகிறது.

தமிழர் சமையல் நெடுங்காலம் கொள்ளளவிலேயே நடந்தது. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஒரு ஆழாக்கு, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்பது பழைய வாய்பாடு. இக்கணக்கில் ஒரு படிக்கு 14,400 நெல் வரும். ஆழாக்கைச் சுமார் 168 மில்லிலிட்டர் என்று கொள்வது வழக்கம். ஆனால் சின்னப்படி, பெரியபடி என்று ஊருக்கு ஊர் அளவு மாறியதால் இதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. மெட்ரிக் அளவுகளுக்கான இந்தியச் சட்டம் 1956இல் வந்தது. அதன் பிறகும், 1967 தேர்தலில் தி.மு.க. அரிசி தருவதாகச் சொன்னது கிலோவில் அல்ல, படியில்தான். மக்கள் மனதில் எந்த அளவு இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தலைதட்டுவதும் குவிப்பதும்

கொள்ளளவில் அளப்போர் முதலில் அறிய வேண்டியதைக் காரைக்குடி வட்டாரச் சமையலறை நன்றாகவே காட்டுகிறது. செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை உழக்கிலோ தம்ளரிலோ நிரப்பி, அந்த அரிசியின் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாக, சரியாமல் நிற்கும் அளவுக்குக் குவிப்பார்கள். மேலே குவிந்து நிற்பதுதான் உளுந்தின் அளவு. தனி அளவுப் பாத்திரம் தேவைப்படாத அழகான உத்தி இது. ஆனால் அகன்ற வாயுள்ள பாத்திரத்துக்கு மாறினால் கோபுரம் பெருத்து, உளுந்தின் விகிதம் கூடி, மாவின் பதம் மாறிவிடும்.

காரணம் எளிய கணிதம். வாய் 8 செ.மீ., ஆழம் 12 செ.மீ. உள்ள உருளைப் பாத்திரத்தின் மேல் 3 செ.மீ. உயரத்துக்குக் குவித்தால், அந்தக் கூம்பு பாத்திரக் கொள்ளளவில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆழம் 1 செ.மீ. மட்டுமே உள்ள தட்டையான கரண்டியின் மேல் ஒன்றரை செ.மீ. குவித்தாலே பாதி அளவு கூடிவிடும். அடி குழிந்த கரண்டியில் அதற்கும் மேல். ஆகவே நெல் அளக்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய குவியல், புரதப்பொடியில் கணக்கையே கெடுக்கும். கரண்டியைத் தலைதட்டியே அளக்க வேண்டும்: பொடியை அள்ளி, கத்தியின் முதுகால் அல்லது அடிக்குச்சியால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது. நீண்ட நாள் அசையாமல் இருந்த டப்பாவில் பொடி இறுகிக் கிடக்கும். அள்ளுவதற்கு முன் உலர்ந்த கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டால் ஒவ்வொரு கரண்டியும் ஏறக்குறைய ஒரே எடையில் வரும்.

டப்பாவுக்குள் கிடைக்கும் பிளாஸ்டிக் கரண்டியிலும் ஒரு மயக்கம் உண்டு. அதன் அடியில் எழுதியிருக்கும் 60 அல்லது 70 என்பது மில்லிலிட்டர், கிராம் அல்ல. பொடி தண்ணீரைவிட இலேசானது என்பதால் கிராம் கணக்கு அதைவிடக் கணிசமாகக் குறையும்.

எடையைக் கண்டுபிடிக்கும் வழிகள்

தராசே தேவைப்படாத நம்பகமான வழி, பொட்டலத்தின் நிகர எடையைப் பயன்படுத்துவது. இந்தியாவில் பொட்டலமிட்ட பொருளின் மேல் நிகர எடையை அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். புதிய 500 கிராம் பொட்டலத்தைத் திறந்து, ஒரே கரண்டியால் தலைதட்டி எண்ணிக்கொண்டே முழுவதையும் வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். 62 கரண்டி வந்தால் ஒரு கரண்டி 8 கிராம். 30 கிராமுக்கு நான்கு கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பத்து நிமிட வேலைதான். எண்ணை டப்பா மூடியில் எழுதி, அந்தக் கரண்டியை உள்ளேயே போட்டுவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

எண்ணப் பொறுமை இல்லாதவர்கள் பொட்டலத்தைத் திறந்த தேதியைக் குறித்துவைக்கலாம். நாளுக்கு ஒரு வேளை 30 கிராம் என்றால் 500 கிராம் பதினாறு, பதினேழு நாள் வர வேண்டும். பதினோராம் நாளே தீர்ந்தால் 45 கிராம் வீதம் போயிருக்கிறது என்று பொருள்.

தண்ணீரை வைத்தும் எடை காணலாம். 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம். மருந்துப் புட்டியோடு வரும் சிறு மூடியிலோ ஊசிக் குழலிலோ மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும். சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டு, முதலில் வெறும் பைகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்றில் 30 மில்லிலிட்டர் தண்ணீர், மற்றதில் சமமாகும் வரை பொடி. தண்ணீருக்குப் பதில் நான்கு பத்து ரூபாய் நாணயங்களும் போடலாம்; ஒன்று சுமார் 7.7 கிராம் என்பதால் நான்கும் சேர்ந்து 31 கிராமை ஒட்டி வரும். ஒரு ரூபாய் நாணயம் இதற்கு உதவாது. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எடையில் வார்க்கப்பட்டிருக்கிறது.

மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதானால் ஒரு கரண்டியை நிறுக்காமல் இருபது கரண்டியைச் சேர்த்து நிறுத்து வகுப்பது நல்லது. சிறு எடையில் அத்தராசு தரும் பிழை பெரிது.

எவ்வளவு துல்லியம் தேவை

பொடிக்குப் பொடி பதில் மாறும். பிரித்தெடுத்த பட்டாணிப் புரதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு புரதம். 30 கிராமில் 24 கிராம் கிடைக்கும். அதே 30 கிராம் பொட்டுக்கடலை மாவில் 6 கிராமை ஒட்டித்தான் இருக்கும். மாவில் ஒரு கரண்டி கூடினால் பெரிய மாற்றம் இல்லை. பிரித்தெடுத்த பொடியில் அந்த ஒரு கரண்டி 6 கிராம் புரதத்துக்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். சோறு, பருப்பு, மோர் வழியாக வருவதும் இதில் அடங்கும். தசை வளர்க்கப் புரதப்பொடியை நாட வேண்டாம் என்றே அக்கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு. குவித்த கரண்டிக்கு அங்கே இடமில்லை.

குறைவாக அளப்பதும் கேடுதான். அங்கன்வாடியில் தரப்படும் சத்துமாவை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தாய்மாருக்கு இக்கணக்கு இன்னும் முக்கியம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோகலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கிலோகலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று வகுத்தது. வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகளும் அதே மாவைப் பங்கிட்டுக்கொண்டால் கைக்குழந்தைக்குப் போய்ச் சேருவது குறையும். பொட்டலத்தில் தேதி எழுதிவைக்கும் முறை இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

வேறு நிறுவனப் பொடிக்கு மாறினாலோ, அதே நிறுவனத்தின் கோகோ கலந்த வகைக்கு மாறினாலோ ஒரு கரண்டியின் எடையும் மாறும். பழைய எண்ணை அழித்துவிட்டு மீண்டும் எண்ண வேண்டும்.